நன்மை வாங்காத மகள்

நான் பூசைக்குப் போவதை நிறுத்தியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஏன் என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரு காரணத்தை எதிர்பார்த்தார்கள். சாமியார் யாராவது மனம் நோகப் பேசிவிட்டாரா, வேண்டுதல் எதுவும் பலிக்கவில்லையா, வேறு மதத்து ஆள் யாருடனாவது பழக்கமா. அப்படி எதுவும் இல்லை. கன்டோன்மென்ட் பக்கத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், ஒரு ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசையில், எல்லோருடனும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்டது. வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டு போகிறது, சொல்கிற ஆளைக் காணோம். நம்பிக்கை எப்போதோ போய்விட்டிருக்கிறது, எனக்குத்தான் இன்றைக்குத் தெரிகிறது என்று அங்கேயே புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து பீன்ஸ் நறுக்கும்போது கேட்டாள்.

"தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லம்மா. அதுல எனக்கு நம்பிக்கை இல்ல."

"எதுல?"

"அந்த பிரமாணத்துல. எதுலயுமே."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கெட்ட செய்தியைக் கேட்டதும் முகத்தை மாற்றாமல் இருக்கத் தெரிந்தவள். "இன்னொரு விசில் வந்தா குக்கரை எறக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை புடவை கட்டிக்கொண்டு ஹாலில் நின்றாள்.

"நீ நம்பலைன்னா நம்பாத. எனக்கு முட்டி வலி. ஆட்டோல ஏத்தி எறக்க ஆளு வேணும்."

அழைத்துப் போனேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்தேன். கேட்டை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஒரு கல் பெஞ்சு. பூசை முடியும்வரை அங்கே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் எங்கள் ஏற்பாடு அதுதான். அம்மா உள்ளே, நான் வெளியே. தமிழ்ப் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வர, அடுத்த பூசைக்கான கன்னடக் குடும்பங்கள் உள்ளே போகும். எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். சிலர் சிரிப்பார்கள். சிலர் நின்று, "உனக்காக வேண்டிக்கிட்டேன்மா" என்பார்கள். என்ன வியாதி என்று கேட்காமலே மருந்து கொடுக்கிற மாதிரி இருக்கும். நான் நன்றி சொல்லுவேன்.

அம்மா மட்டும் எதையும் மறைக்கவில்லை. "பொண்ணு ஏன் உள்ள வரல?" என்று யாராவது கேட்டால், "அவளுக்கு நம்பிக்கை இல்லயாம். பொய் சொல்லத் தெரியாத பொண்ணு" என்பாள். அதில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று நான் இன்றைக்கும் சாதிப்பேன். அதற்காக அவள் விட்டுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது, வெளியே உட்கார்ந்திருக்கிற என் மகளுக்காக என்று குரலை உயர்த்துவாள்.

"அம்மா, மெதுவா சொல்லு. எனக்குக் கேக்குது."

"உங்கிட்டயா சொல்றேன்? அவருக்குக் கேக்கட்டும்."

ஒரு டிகிரி காலேஜில் நான் சமூகவியல் பாடம் எடுக்கிறேன். நகரம் பெருக, தொழிற்சாலை வர, படிப்பு பரவ, மதம் தானாகத் தேய்ந்துபோகும் என்பது எங்கள் பாடப் புத்தகத்தின் ஒரு பகுதி. பல வருஷம் அதை நோட்ஸாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். ஒரு தடவை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"மேடம், எங்கப்பா பீன்யால லேத் ஷாப்ல இருக்காரு. ஆயுத பூஜைக்கு பூசணிக்கா ஒடைக்காம ஓனர் மெஷினைத் தொடவே விடமாட்டாரு. இவங்க சும்மா சும்னே எழுதி வெச்சிருக்காங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். புத்தகத்தின் அடுத்த பகுதி அதற்குப் பதில் வைத்திருந்தது. மதம் அழியாது, உருவம் மாறும். பிறந்த மதத்தில் அப்படியே இருப்பது போய், அவரவருக்குப் பிடித்ததை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு தேர்வு, ஆளுக்கொரு ஆன்மிகம். அதையும் எழுத வைத்தேன். பரீட்சையில் இரண்டு பக்கத்தையும் எழுதி, முடிவில் 'இரண்டிலும் உண்மை உண்டு' என்று முடிப்பவர்களுக்கு நல்ல மார்க் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடந்ததை இந்த இரண்டில் எதில் வைப்பது என்று எனக்கே தெரியவில்லை என்பதை வகுப்பில் சொன்னதில்லை.

எனக்கு ஒரு தங்கை. வைட்ஃபீல்டில் ஐடி வேலை, அங்கேயே ஒரு அபார்ட்மென்டில் பதினோராவது மாடியில் வீடு. விவாகரத்துக்குப் பிறகு அவளும் கோவிலுக்கு வருவதில்லை. அதற்குப் பதில் அவளுக்கு வேறு நிறைய இருந்தன. காலையில் மூச்சுப்பயிற்சி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி பெண்கள் கூடி உட்காரும் வட்டம், வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி அந்தச் சத்தத்தில் படுத்திருக்கும் ஒரு வகுப்பு. "நான் ரிலிஜியஸ் இல்லக்கா, ஸ்பிரிச்சுவல்" என்பாள். அம்மாவுக்கு அந்த வித்தியாசம் விளங்கவே இல்லை. "கிண்ணத்தைத் தட்டினா சாமி வருமா?" என்று கேட்டாள் ஒரு தடவை. "சாமி வராதும்மா, தூக்கம் வரும்" என்றாள் தங்கை. அம்மா அதை ஒத்துக்கொண்டாள். தூக்கம் வருவது நல்ல விஷயம்தான் என்றாள்.

இதையெல்லாம் நான் மனம் விட்டுச் சொன்ன ஒரே ஆள் எங்கள் துறையில் எனக்கு மூத்தவர் ஒருவர். கோலார் பக்கத்துத் தமிழர், பல வருஷ நண்பர். ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தபடி கேட்பார், நான் சொல்லுவேன். பிரமாணத்தில் வாய் நின்றது, கல் பெஞ்சு, அம்மாவின் செபமாலை, தங்கையின் கிண்ணங்கள், எல்லாம். நல்ல கேள்வியாகக் கேட்பார். அவருக்குச் சொன்ன பிறகு எனக்கு மனசு லேசாக இருக்கும்.

மதத்தின் எதிர்காலம் பற்றி எங்கள் காலேஜில் ஒரு கருத்தரங்கு நடந்தது. நண்பர் கட்டுரை வாசித்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். படித்தவர், நடுவயது, கத்தோலிக்கக் குடும்பம். நம்பிக்கையை விட்டவர், ஆனால் ஞாயிறு தவறாமல் தாயைக் கோவிலுக்கு அழைத்துப் போய் வாசலில் உட்காருகிறவர். அவருக்கு ஒரு சகோதரி, கிண்ணங்களைத் தட்டித் தியானம் செய்கிறவர். பெயர் மட்டும்தான் சொல்லவில்லை. எங்கள் துறையில் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக மேடையைப் பார்த்தார்கள். கன்னம் இரண்டும் எரிந்தது.

அவர் வாதம் இதுதான்: அந்தப் பெண் மதத்தை விடவே இல்லை. வாசலில் உட்காருவதும் ஒரு வழிபாடுதான். அவர் தனக்கென்று ஒரு மதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார், சகோதரி வேறொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த இன்னொரு பேராசிரியர் உடனே மறுத்தார். தாய் போன பிறகு அந்தப் பெண் வாசலுக்குக்கூட வரமாட்டார், பாருங்கள், சரிவு என்பது இதுதான், வாசல் என்பது வெளியே போகிற வழியில் கடைசிப் படி என்றார். கூட்டம் ரசித்துக் கேட்டது. உள்ளே இருக்கிறாளா வெளியே இருக்கிறாளா என்று இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அம்மா போன பிறகு என்று அந்த மனிதர் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

எழுந்துவிட்டேன். கேள்வி கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டினார்.

"கேள்வி இல்ல. அந்தப் பொம்பளை நான்தான்" என்றேன்.

ஆங்கிலத்தில்தான் பேச ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டேன். பாதிப் பேருக்குப் புரியாது என்று தெரியும், நிறுத்தத் தோன்றவில்லை.

"தேர்வு தேர்வுன்னு சொல்றீங்க. கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல புடவை எடுக்கற மாதிரி. நான் எதையும் தேர்ந்தெடுக்கல சார். ஒரு நாள் பார்த்தா நம்பிக்கை இல்ல. அவ்ளோதான். இருக்கணும்னு நெனச்சாலும் வரல. அதுக்கப்புறம் பொய் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன். நான் எடுத்த ஒரே முடிவு அதுதான். வாசல்ல உக்காருறது வழிபாடும் இல்ல, சரிவும் இல்ல. எங்கம்மாவுக்கு முட்டி வலி."

யாரோ சிரித்தார்கள். நண்பர் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"மேடம், இது பர்சனலா எடுத்துக்காதீங்க. டேட்டாவாதான்..."

"பர்சனல்தான் சார். டீ குடிக்கும்போது உங்ககிட்டதான் சொன்னேன். டேட்டாகிட்ட சொல்லல."

வெளியே வந்து காலேஜ் வாசலில் ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க யோசித்தும் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. மறுநாள் நண்பர் என் மேஜைக்கு வந்து, பெயர் சொல்லாததால் பரவாயில்லை என்று நினைத்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்றேன். அது இல்லாவிட்டால் கட்டுரையே நிற்காது என்றார். நிற்காவிட்டால் விழட்டும் என்றேன். எடுத்துவிட்டார். டீ குடிப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. பேச்சு மட்டும் டைம்டேபிள், டிராஃபிக் என்று சுருங்கிப்போனது.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். நுரையீரலில் நீர் கோத்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து, ஒரு மத்தியான நேரம். சாமியாரை வரவழைத்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஏற்பாடு செய்தது நான்தான். அவள் நெற்றியில் எண்ணெய் பூசும்போது தலையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்ய எனக்கு நம்பிக்கை தேவைப்படவில்லை.

அடக்கப் பூசை அன்று காலை மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. கோவில் பாடகர் குழுவில் பல வருஷம் இருந்தவர், நாங்கள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய புதுநன்மைக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்.

"இன்னிக்கு ஒரு நாள் நன்மை வாங்கிடு. மூத்த பொண்ணு நீ. முன்னாடி வரிசைல உக்காந்துட்டு வாங்காம இருந்தா ஊரே பார்க்கும்."

"பார்க்கட்டும் மாமா."

"உங்கம்மாவுக்காக."

"நம்பாம வாங்குனா பாவம்னு சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்."

"அது இருக்கட்டும். இன்னிக்கு அதெல்லாம் யார் பார்க்கறாங்க?"

"அப்ப நீங்களும் நம்பலையா மாமா?"

அவர் முகம் கறுத்தது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அப்பத்தை நான் மதிக்கிற அளவுக்கு அந்தக் காலையில் அவர் மதிக்கவில்லை என்பது என் கணிப்பு. என் நாக்கில் அதை வைத்துக்கொண்டு நடிப்பது அம்மாவின் கண்ணெதிரே நடிப்பதற்குச் சமம். பெட்டிக்குள் இருந்தாலும் கண்தான்.

நன்மைக்கு எல்லோரும் எழுந்து வரிசையில் போனார்கள். மாமா போனார், அத்தை போனார்கள். எத்தனையோ வருஷமாகக் கோவில் வாசலை மிதிக்காத சித்தப்பா மகன்கள் போனார்கள். முதல் பெஞ்சில் தங்கையும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். முதுகில் அத்தனை பேர் பார்வையும் தெரிந்தது. எழுந்து வெளியே போய்விடலாம், மரத்தடி பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். போகவில்லை. அம்மா உள்ளே இருந்தாள், நானும் உள்ளேதான் இருப்பேன் என்று இருந்துவிட்டேன். சாமியார், இளவயது, புதிதாக மாற்றலாகி வந்தவர், பெஞ்சில் இருக்கும் வயசானவர்களுக்குக் கொடுக்க இறங்கி வந்தார். என் எதிரே நின்றார். நான் தலையை ஆட்டினேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். அன்று முழுவதிலும் என்னிடம் யாரும் பேசியதில் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் சுகமாக இருந்தது.

பெட்டியைத் தூக்கும்போது ஒரு பாட்டு ஆரம்பித்தார்கள். அம்மா சமையல் செய்யும்போது முனகுகிற பாட்டு. நான் பாடினேன். அடித்தொண்டையிலிருந்து, கோவில் அதிர. மாமா என் பக்கம் குனிந்தார்.

"நம்பிக்கையே இல்லன்ற. இப்ப எதுக்குப் பாடற?"

"எங்கம்மா பாட்டு மாமா" என்றேன். பாட்டை நிறுத்தவில்லை.

தங்கை கடைசிவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் நன்மை வாங்கவில்லை. அவள் காரணம் வேறு. ஆனால் என்னைப் பார்த்த அளவுக்கு யாரும் அவளைப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து அவள் அபார்ட்மென்டின் கிளப்ஹவுஸில் அம்மாவுக்காக ஒரு கூடுகை வைத்திருப்பதாகக் கூப்பிட்டாள். மெட்ரோவில் போனேன். உள்ளே ஏசி, தரையில் மெத்தைகள், நடுவில் பூவும் மெழுகுவர்த்தியும், அம்மாவின் நர்ஸ் உடுப்புப் போட்டோவும். தங்கையின் தோழிகள் பத்துப் பேர் இருக்கும். ஒருத்தருக்கும் அம்மாவைத் தெரியாது. நடத்துகிற பெண்மணி மென்மையான குரலில் கண்ணை மூடச் சொன்னார். கிண்ணங்கள் ஒலித்தன. உண்மையில் அழகான சத்தம். பிறகு அவர், உங்கள் அம்மா ஒரு படகில் இருக்கிறார், கயிறு உங்கள் கையில் இருக்கிறது, மூச்சை வெளியே விடும்போது கயிற்றையும் விடுங்கள் என்றார். சுற்றிலும் எல்லோரும் நீளமாக மூச்சு விட்டார்கள்.

நான் கண்ணைத் திறந்தேன்.

"நான் விடமாட்டேன்."

"இட்ஸ் ஓகே மேம். உங்களுக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கு. அதை வாட்ச் பண்ணுங்க."

"ரெசிஸ்டன்ஸ் இல்லங்க. எங்கம்மா. நான் எதுக்கு விடணும்?"

எழுந்து, அம்மாவின் போட்டோவைக் கும்பிடாமல், ஒரு தடவை தொட்டுவிட்டு வெளியே வந்தேன். தங்கை பின்னாலேயே பார்க்கிங்வரை ஓடி வந்தாள். வெறுங்கால்.

"எல்லா எடத்துலயும் எழுந்து நின்னு இல்ல இல்லன்னு சொல்லணுமா உனக்கு? கோவில்லயும் அப்படி, இங்கயும் அப்படி. உனக்கு என்னதான்க்கா இருக்கு?"

"துக்கம் இருக்கு. அது போதும். அதை யாரும் எனக்குச் சரி பண்ணித் தர வேண்டாம்."

"எனக்குப் போதலக்கா." அவள் அழ ஆரம்பித்தாள். "டைவர்ஸ் ஆனப்ப கோவில்ல ஒவ்வொருத்தரும் பார்த்த பார்வை உனக்குத் தெரியாது. வாசல்ல உக்காரக்கூட எனக்குத் தைரியம் இல்ல. ராத்திரில தூக்கமே வராது. இந்தக் கிண்ணம்தான் தூங்க வெச்சுது. அதைப் போய் நீ..."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வந்துகொண்டிருந்த கார் ஒன்று எங்களுக்காக நின்றது.

"நீ தட்டு. நல்லாத் தட்டு. உன்னைத் தூங்க வெச்ச எதையும் நான் கேலி பண்ணமாட்டேன். ஆனா என் கைல இருக்கற கயிறை மட்டும் யாரும் அவுக்க வேண்டாம்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், கிண்ணங்கள் இருக்கும் அறைக்கே. நான் ரோட்டுக்கு நடந்தேன். சண்டை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் ஸ்பிரிச்சுவல் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அவளைத் தேடல் உள்ளவள் என்றும் என்னைத் தேடல் அற்றவள் என்றும் யாராவது பிரித்துப் பேசினால் இப்போது முதலில் சண்டைக்குப் போகிறவள் அவள்தான்.

கல்லறைத் திருநாளுக்கு இந்த வருஷம் மூன்று பேரும் போனோம். மாமா செவ்வந்தி மாலை வாங்கி வந்திருந்தார். தங்கை கல்லறையைக் கழுவினாள், நான் தண்ணீர் ஊற்றினேன். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போன பிறகு மாமா கல்லின் மேலேயே உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை எங்க பொதைக்கறது? கோவில் பங்குல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"பதிலே சொல்ல வேண்டாம் மாமா. மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

"என்னது?"

"உடம்பை. பசங்க படிக்க."

அவர் கை மாலையில் அப்படியே நின்றது. "கடைசி நாள்ல எல்லாரும் உடம்போட எழுந்திருக்கும்போது நீ எப்படி எழுந்திருப்ப?"

"எங்கம்மா அங்க இருந்தா, துண்டு துண்டா இருந்தாலும் பொறுக்கி எடுத்துத் தைச்சிடுவா மாமா. நர்ஸ்தானே."

தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், விரலுக்கு நடுவில் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. எனக்கு என்ன ஆகுமோ என்று நிஜமாகவே பயந்துபோயிருந்தார், அது கண்ணில் தெரிந்தது. அவர் தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. "உனக்காக வேண்டிக்கறேன்" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

"வேண்டிக்குங்க மாமா. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா முடிவை மாத்தமாட்டேன்."

கல்லறையின் தலைமாட்டில் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் அணைந்து அணைந்து போனது. மூன்று பேரும் குனிந்து, கையால் மறைத்து, மாற்றி மாற்றிக் கொளுத்திக்கொண்டிருந்தோம்.